சொல்வதற்கு முன் சிரித்தவள்

கல்யாண வீடியோவில் பெண் எந்த நொடியில் சிரித்தாள் என்று யாரும் பார்ப்பதில்லை. கோவில்பட்டியில் ஒருவனுடைய புத்தி அந்த நொடியில் போய் மாட்டிக்கொண்டது. அவனை மீட்க மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். எது சரி என்று நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

செண்பகராஜ் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் தவசீலன் கேமராமேன். அவன் எடுத்து வருவதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்க்கிற எடிட்டர் பாக்கியநாதன். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். வைகாசியில் சாத்தூரில் ஒரு கல்யாணம் எடுத்துவிட்டு வந்த தவசீலன், "அந்தப் பொண்ணு என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்துச்சுடே" என்றான்.

"கேமராவுக்குப் பின்னால நின்னா எல்லாப் பொண்ணும் உன்னையத்தான் பாக்கும்" என்றான் பாக்கியநாதன். "'இங்க பாருங்கம்மா, லேசா சிரிங்கம்மா'ன்னு கத்துறது யாரு, நானா? அந்தக் கணக்குல உனக்கு இந்த ஜில்லா பூரா பொண்டாட்டி."

தவசீலனும் சிரித்தான். அதனால் பாக்கியநாதன் அதை அதோடு விட்டுவிட்டான்.

ஆனி பிறந்தபோது விட முடியவில்லை. கல்யாணத்தன்று போட்டிருந்த நீலச் சட்டையைத் தவிர வேறு சட்டையைத் தவசீலன் தொடவில்லை. தினமும் அதையே துவைத்துப் போட்டான். எந்தக் கூட்டத்திலும் அவள் தன்னை அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம். சாப்பாடு குறைந்தது. தெருவில் ஒரு கார் ஹாரன் அடித்தால், அவள் அனுப்பிய ஆள் என்று வாசலுக்கு ஓடினான். சிவகாசியில் புருஷன் வீட்டில் அவளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றான். யார் சொன்னது என்று கேட்டால், "அதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா?" என்று திருப்பிக் கேட்டான்.

அவள் நேராகப் பார்க்கும் படம் ஆல்பத்தின் அட்டைக்கு வந்தது. "பாத்தியா, அவதான் இதப் போடச் சொல்லியிருக்கா" என்றான். விஷயம் காதில் விழுந்ததும் அண்ணாச்சி அந்த அட்டையை மாற்றினார். "பாத்தியா, பயந்து எடுத்துட்டாங்க. பொய்யா இருந்தா எதுக்குடே எடுக்கணும்?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றே பாக்கியநாதன் தவசீலனின் அக்கா தங்கபுஷ்பத்திடம் போனான். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்.

"டாக்டர்கிட்ட காட்டணும்க்கா."

"மனசு டாக்டரா? வெளிய தெரிஞ்சா இவனுக்கு எவன் பொண்ணு தருவான்? ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா சரியாயிரும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

ஆடியில் ஒரு காலை, தவசீலனே எடிட்டிங் அறைக்கு ஏறி வந்தான்.

"நீ என்னையப் பைத்தியம்னு நினைக்கே. சரி, வீடியோவப் போட்டுப் பாரு. நான் 'சிரிங்கம்மா'ன்னு சொன்னப்புறம் அவ சிரிச்சிருந்தா, நான் பைத்தியந்தான். நீ சொல்ற டாக்டர்கிட்ட வாரேன். சொல்றதுக்கு முன்னாலயே சிரிச்சிருந்தா, இன்னைக்கே சிவகாசி போயி அவளக் கூட்டிட்டு வந்துருவேன். வேற எவனையும் நான் நம்ப மாட்டேன். நீ பாத்துச் சொல்லு."

சொல்லிவிட்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

பாக்கியநாதன் போட்டுப் பார்த்தான். பெண் நிமிர்கிறாள், சிரிக்கிறாள். அதற்குப் பிறகுதான் 'சிரிங்கம்மா' என்ற குரல் வருகிறது. ஏன் சிரித்தாள்? தோழி யாராவது ஜாடை காட்டியிருக்கலாம். மாலை கழுத்தில் கூசியிருக்கலாம். கல்யாணப் பெண் சிரிக்கக் காரணமா வேண்டும்? ஆனால், முன்னால்தான் சிரித்திருக்கிறாள்.

அண்ணாச்சியையும் அக்காவையும் போன் செய்து வரவழைத்தான்.

"குரலக் கொஞ்சம் முன்னால நகர்த்து, சோலி முடிஞ்சது" என்றார் அண்ணாச்சி. "மாப்பிள்ளைக்கு மாமன் கொட்டாவி விட்டதையே வெட்டிப் போடுதோம். இது பெரிய பாவமாடே? ஒரு பொய்யில அவன் ஆஸ்பத்திரிக்கு வந்துருவான்."

"அதப் பாக்கப் பாக்கத்தான் அவனுக்கு முத்துது" என்றாள் அக்கா. "எல்லாத்தையும் அழிச்சுப் போடு தம்பி. கேட்டா, தானா அழிஞ்சு போச்சுன்னு சொல்லு. பாக்க ஒண்ணுமில்லன்னா நாளாவட்டத்துல மறந்துருவான்."

"உள்ளதச் சொல்லிருதேன்" என்றான் பாக்கியநாதன். "முன்னாலதான் சிரிச்சிருக்கா, ஆனா உன்னப் பாத்து இல்லன்னு."

"சொன்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு அவ வீட்டு வாசல்ல போயி நிப்பான். அந்தப் பிள்ளை மானம் என்னாவும்? இவன அடிச்சே கொன்னுருவாங்க" என்றாள் அக்கா.

பாக்கியநாதன் எழுந்துபோய் ஜன்னல் வழியே பார்த்தான். தவசீலன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குரலை நகர்த்துவதா, அழிப்பதா, உள்ளதைச் சொல்வதா? இந்த மூவரில் யார் சொன்ன வழி சரி?

விடை: பாக்கியநாதன் சொன்னது. அதனால் தவசீலன் தெளிந்துவிடுவான் என்பதற்காக அல்ல. ஆல்பத்தின் அட்டையை நினைத்துப் பாருங்கள். படம் இருந்தபோது அவனுக்கு அது சாட்சி. எடுத்த பிறகு, எடுத்ததே சாட்சி. குரலை நகர்த்தினால் கேமராமேன் கண்ணுக்குத் தப்பாது. உண்மையை மறைக்கிறார்கள் என்பான். அழித்தாலும் அதையேதான் சொல்வான். ஆக, மூன்று வழியும் சிவகாசிக்குத்தான் போகின்றன. முதல் இரண்டு வழியில், நம்பியிருந்த ஒருவனையும் இழந்து அவன் தனியாகப் போவான். பாக்கியநாதன் கீழே இறங்கி உள்ளதைச் சொன்னான். வீடியோவுக்கு ஆர்டர் கொடுத்திருந்த அந்தப் பெண்ணின் அண்ணனுக்குப் போன் செய்து, இன்று அவளைப் புருஷன் வீட்டில் வைக்க வேண்டாம், வருகிறவன் உடம்பு சரியில்லாதவன், கை வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியதையும் மறைக்கவில்லை. "நல்லதாப் போச்சு. நான் வாரது அவளுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றான் தவசீலன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் நகர்ந்து, பாக்கியநாதனுக்கு இடம் விட்டான்.