கூடு கட்டாத பட்டுப்புழு

சரசர, சரசர, சரசர.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நிலா காய்கிறது. ஆனாலும் வீட்டுக்குள்ளே மழை பெய்கிற சத்தம்! முன்னொரு காலத்தில், சீன தேசத்து ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், சுவேயிங் என்ற இளம் தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தூங்கும் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு கையில் விளக்கெடுத்துப் போய்ப் பார்த்தாள்.

மூங்கில் தட்டில் ஒரே ஒரு பட்டுப்புழு மல்பெரி இலையைத் தின்றுகொண்டிருந்தது. அதன் உடம்புக்குள்ளே ஒரு குட்டி நிலா எரிந்தது!

மற்ற புழுக்களெல்லாம் செத்துக் கிடந்தன. ஏன் தெரியுமா? புழு வளரும் மாதத்தில் அந்த ஊரில் வீட்டார் எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்நியர் நுழையக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, குளிர்காற்று படக் கூடாது. சுவேயிங் மட்டும் சாத்தவில்லை.

எப்படிச் சாத்துவாள்? ஒரே நாட்டுக்கு இரண்டு தளபதிகள் அடித்துக்கொண்டார்கள். கறுப்புக்கொடிக்காரன் அவள் கணவன் தாவ்ஷெங்கைப் பிடித்துப் போனான். மஞ்சள்கொடிக்காரன் கொழுந்தன் தாவ்பிங்கைப் பிடித்துப் போனான். இரண்டு படைக்கும் சட்டை தைத்தவன் ஒரே மந்திரவாதிதான். அதைப் போட்டவனுக்கு வீடு மறந்துபோகும்; எதிரே நிற்பவன் பேயாகத் தெரிவான். விடிந்தால் அண்ணனும் தம்பியும் ஆற்றில் இறங்கி மோத வேண்டும்.

"கதவைச் சாத்து. குளிருது" என்றது புழு.

சுவேயிங் விளக்கைத் தட்டருகே கொண்டுபோனாள். "கண்ணு... நீயா பேசினே?"

"கண்ணாவது மூக்காவது! உங்க ஊர் மலையைவிட எனக்கு வயசு அதிகம். சாத்துன்னா சாத்து."

"எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் வெளியே இருக்காங்க. சாத்த மாட்டேன்."

"நான் செத்துப்போனா?"

அவள், தான் போட்டிருந்த பஞ்சுச் சட்டையைக் கழற்றித் தட்டைச் சுற்றிப் போர்த்தினாள். அவளுடைய பற்கள் கிடுகிடுத்தன.

புழு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. "ஒரு கூட்டுக்கான நூல் எங்கிட்ட இருக்கு. அதை வழியாப் போட்டுத் தர்றேன். நுனியைப் பிடிச்சு உன் ஆளுங்களைக் கூப்பிடு. கத்தாதே, அறுந்துடும்."

"அப்போ உனக்குக் கூடு?"

"முதல்ல அவங்க வரட்டும்."

நூல் புறப்பட்டது. வாசலைத் தாண்டியது, வயலைத் தாண்டியது, ஆற்றையும் தாண்டியது.

"என்னங்க, வீட்டுக்கு வாங்க" என்றாள் மெல்ல. கறுப்புக்கொடிப் பாசறையில் தாவ்ஷெங்கின் மணிக்கட்டை நூல் சுற்றியது. மந்திரச் சட்டை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"தம்பி, வீட்டுக்கு வாப்பா" என்றாள். மஞ்சள்கொடிப் பாசறையில் தாவ்பிங்கின் சட்டை உதிர்ந்தது.

மூன்றாவதாக யாரைக் கூப்பிடுவது? இரு கரையிலும் வீடு மறந்து நிற்பவர்கள் இன்னும் ஆயிரமாயிரம் பேர். யார் பெயரும் அவளுக்குத் தெரியாது.

"யாராயிருந்தாலும் சரி, வீட்டுக்குப் போங்கப்பா!"

அடடா, அதை என்னவென்று சொல்வேன்! ஒரு நூல் ஆயிரமாகப் பிரிந்தது, ஆயிரம் லட்சமாகப் பிரிந்தது. விடியல் வெளிச்சத்தில் ஆறு முழுக்க வெள்ளி வலை. நூல் சுற்றிய சட்டைகளெல்லாம் உதிர, வீரர்கள் தங்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மந்திரவாதி கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். வெட்ட வெட்ட நூல் இரட்டித்தது. கடைசியில் அவன் கையையும் ஓர் இழை சுற்றியது. "அம்மா!" என்று கதறிக்கொண்டு அவனும் ஊரைப் பார்த்து ஓடினான். தளபதிகள் இருவரும் ஆளில்லாத கரைகளில் நின்று ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள்.

வாசலுக்குக் கிழக்கேயிருந்து ஒருவன் வந்தான், மேற்கேயிருந்து ஒருவன் வந்தான்.

"அண்ணி, யாரிந்தத் தாடிக்காரன்?" என்று ஈட்டியைத் தூக்கினான் தாவ்பிங்.

"உன் அண்ணன்டா, மடையா!" என்றான் தாவ்ஷெங். அவன் கையிலும் ஈட்டி.

"மெதுவாப் பேசுங்க, புழு மாசம்" என்றாள் சுவேயிங். "ஈட்டியோட வர்றவன் எனக்கு அந்நியன். யாரா இருந்தாலும்."

இரண்டு ஈட்டிகளும் வயல் சேற்றில் விழுந்தன. தம்பி அண்ணன் தோளில் முகம் புதைத்து அழுதான், சத்தமில்லாமல்.

அந்தந்த வீடு சேர்ந்தவர்கள் கையிலிருந்து நூலெல்லாம் விடுபட்டுத் திரும்பி வந்தது. வெளிறிக் கிடந்த புழுவை வெள்ளிப் பூசணி போலச் சுற்றிச் சுற்றி மூடியது. அந்த ஒளியில் குழந்தை கண் விழித்துச் சிரித்தது.

கூட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"அப்புறம் என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

சுவேயிங் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.