வெண்கொக்குக் கழகத்துக்கு எத்தனை இருக்கை?

முன்னொரு காலத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, வரைபடத்தில் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துவிடும் அளவுக்கு ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டார் கால்பந்து ஆடினார்கள். எப்படி வந்தது அந்த ஆட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை; மழை வருவதுபோல் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தலைநகரில் வெண்கொக்குக் கழகம் என்று ஒரு கழகம் இருந்தது. அதற்கு ஒரு மைதானமும், மைதானத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடும் இருந்தன. ஆட்டம் பார்க்க நானூறு பேர் வருவார்கள்.

ஒருநாள் அரசர் பராங்குசவர்மர் அண்டை நாட்டுக்கு விருந்துக்குப் போய், அங்கே ஐம்பதாயிரம் பேர் அமரும் விளையாட்டரங்கைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த மறுநாளே சபை கூடியது.

"நமக்கும் ஓர் அரங்கம் வேண்டும். எவ்வளவு பெரியது கட்டலாம்?"

"ஒரு லட்சம் இருக்கைகள், மகாராஜா" என்றார் பிரதானி திருவேங்கடத்தார்.

அரசர் சற்று யோசித்தார். "நம் நாட்டின் மக்கள்தொகை பதினோராயிரம் அல்லவா?"

"ஆம், மகாராஜா."

"மீதி இருக்கைகளுக்கு?"

"பிறப்பார்கள், மகாராஜா."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. தூண் ஓரமாக நின்றிருந்த விகடகவி சொக்கப்பனுக்கு மட்டும் தும்மல்போல் ஒன்று வந்தது. அதை அவன் மேல்துண்டால் பொத்திக்கொண்டான். பிரதானி அதைப் பார்த்துவிட்டார். பத்து ஆண்டுகளாகவே அவருக்கு அவனைப் பிடிக்காது. தான் ஒரு நாழிகை பேசி முடித்ததை இவன் ஒரு சொல்லால் கவிழ்த்துவிடுகிறான் என்பது அவருடைய குறை. அந்தக் குறை உண்மைதான்.

"மகாராஜா," என்றார் பிரதானி, "என் கணக்கு சொக்கப்பருக்கு உவப்பாக இல்லை போலும். அவரே சொல்லட்டும். வருகிற எவருக்கும் இருக்கை இல்லை என்ற குறை இருக்கக்கூடாது. ஓர் இருக்கைகூடக் காலியாகவும் கிடக்கக்கூடாது. அப்படிப்பட்ட எண் ஒன்றை அடுத்த ஆட்டம் முடிவதற்குள் சொல்லிவிட்டால் அவர் சொன்னபடியே கட்டுவோம். சொல்லத் தவறினால் என் திட்டப்படி லட்சம். அதற்குத் தென்தெருவை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்."

தென்தெருவில் முந்நூறு வீடுகள். முதல் வீடு சொக்கப்பனுடையது.

"அருமையான நிபந்தனை!" என்றார் அரசர். "சொக்கப்பரே, சம்மதம்தானே?"

அரசர் அப்படிக் கேட்டால் சம்மதம் என்றுதான் பொருள். சொக்கப்பன் தலைவணங்கினான்.

வீடு திரும்பியபோது வாசலில் முளைக்குச்சிகள் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு சுண்ணாம்புக் கோடு வாசல்படி ஏறி, கூடத்தைக் கடந்து, சமையற்கட்டுக்குள் போய், பின்கதவு வழியாக வெளியேறியிருந்தது. அவன் மனைவி உலகம்மாள் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளக்கிறவங்க வந்துட்டுப் போனாங்க. அடுப்புக்குக் குறுக்கால கோடு போட்டிருக்காங்க. இனிமே நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு சமைக்கவா, இந்தப் பக்கம் நின்னா?"

"எந்தப் பக்கம் நின்னா குழம்பு நல்லா வரும்?"

"வெளையாடாதீங்க. தெருவே நம்ம வாசல்ல வந்து நின்னுச்சு. மூணு வீடு தள்ளி பிரசவிச்சவ ஒருத்தி படுத்திருக்கா. அவ கட்டிலுக்கு அடியிலயும் கோடு போகுதாம். உங்க வாய்க்கு நாங்க எல்லாரும் தெருவுல நிக்கணுமா?"

சொக்கப்பன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். நானூறு என்று சொன்னால், ஒருநாள் நானூற்றொருவர் வருவார். ஐந்நூறு என்றால் நூறு காலியாகும். எந்த எண்ணைச் சொன்னாலும் பிரதானி ஓர் ஆளைக் கூடுதலாக அனுப்புவார், அல்லது ஓர் ஆளை வீட்டிலேயே நிறுத்திவைப்பார். அவன் கூடத்தில் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மாறிமாறி நடந்தான்.

உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்தாள்.

"என்ன அது?"

"போன ஆட்டத்துக்குப் போயிட்டு வந்தேன்ல. மூணு நாளாச்சு, இன்னும் வலி விடல."

"ஆட்டம் பார்த்ததுக்கா முழங்கால் வலிக்குது?"

"ஏன்னு என்கிட்ட கேக்கறீங்களே, அரமனைச் சோறு தின்னுட்டு" என்றாள் அவள்.

சொக்கப்பன் நடப்பதை நிறுத்தினான். பிறகு அவள் கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கி, தானே தேய்த்துவிட்டான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் அவன் சொன்னான்: "மகாராஜா, எண்ணைக் குத்துமதிப்பாகச் சொல்வது தங்கள் சபைக்கு அழகல்ல. அடுத்த ஆட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கோர் இருக்கையை வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். ஆட்டம் நடக்கும்போது எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுவோம். அதுவே நமக்குத் தேவையான எண். நான் எண்ணினால் ஐயம் வரும். பிரதானியாரே எண்ணட்டும்."

திருவேங்கடத்தாருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. எண்ணுகிறவர் தாமே என்றால் எண்ணும் தம்முடையதுதானே?

ஆட்ட நாளில் ஊரே இருக்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. மணை, முக்காலி, பாய், கவிழ்த்த உரல். ஒரு வியாபாரி ஊஞ்சல் பலகையைக் கழற்றி இரண்டு ஆள் சுமக்கக் கொண்டுவந்தார். எல்லாரும் மண்மேட்டில் வசதியாக அமர்ந்தார்கள். பிரதானி ஓலையும் எழுத்தாணியுமாக எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வரை வந்தபோது கொம்பு ஊதியது. பந்து நகர்ந்தது.

மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த சிம்மாசனத்திலிருந்து அரசர் எழுந்துவிட்டார்.

அரசர் நிற்கும்போது குடிகள் அமரக்கூடாது என்பது அவருடைய பாட்டனார் காலத்துச் சட்டம். மணைகள், முக்காலிகள், உரல் எல்லாவற்றிலிருந்தும் சனங்கள் எழுந்தார்கள். ஏழாமவர் எழுந்ததும் பிரதானி ஆறு என்று திருத்தினார். பிறகு அதையும் கோடு போட்டு அடித்தார்.

அரசர் அமரவே இல்லை. பந்து இடப்பக்கம் போனால் இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் போனால் "கண் தெரியவில்லையா!" என்று நடுவரைக் கேட்டார். இடைவேளையில் நின்றபடியே நீர்மோர் குடித்தார். ஆட்டம் முடியும்வரை நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தங்கள் தங்கள் இருக்கைக்கு முன்னால் நின்றார்கள்.

"எண்ணியாயிற்றா?" என்றார் அரசர், மேல்மூச்சு வாங்க.

பிரதானி ஓலையைப் பார்த்தார். ஓலையில் அடித்த கோடு மட்டுமே இருந்தது.

"அமர்ந்தவர்... எவருமில்லை, மகாராஜா."

"அதுதான் எண்" என்றான் சொக்கப்பன். "இருக்கையே வேண்டாம். இல்லையே என்று குறைப்பட இங்கே ஒருவருமில்லை. காலியாகக் கிடக்கவும் ஒன்றுமில்லை. நிற்பதற்கு இந்த மேடே போதும்; ஒரு சாண் உயர்த்தினால் பின்வரிசைக்கு நன்றாகத் தெரியும்."

"இது வஞ்சகம்!" திருவேங்கடத்தார் குரல் உயர்ந்தது. "மகாராஜா முன்னால் இருப்பதால்தான் நின்றார்கள். மகாராஜா இல்லாத நாளில் எல்லாரும் அமர மாட்டார்களா?"

சொக்கப்பன் மிகுந்த பணிவோடு அவர் பக்கம் திரும்பினான்.

"மகாராஜா இல்லாத நாளுக்கென்றா பிரதானியார் லட்சம் இருக்கை கேட்கிறார்?"

பிரதானி தம் கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அரசர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, எழுபது அடி தூரத்தில் தாம் கொண்டுவந்த உரலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு குண்டு மனிதரைப் பார்த்தார். முதலில் அரசரின் மீசை ஆடியது, அப்புறம் தோள்கள் ஆடின. சிரிப்பு தாங்காமல் அவர் சிம்மாசனத்தில் தொப்பென்று விழுந்தார். அந்த நொடியே நானூற்றுப் பன்னிரண்டு பேரும் "அப்பாடா" என்று உட்கார்ந்தார்கள். மூட்டை மூட்டையாக நெல்லை இறக்கியதுபோல் இருந்தது அந்தச் சத்தம்.

தென்தெருவின் முளைக்குச்சிகளைப் பிடுங்கும் வேலை அன்றே தொடங்கியது. பிடுங்கியவர் பிரதானி. அரசர் சொக்கப்பனைக் கூப்பிட்டு, "என்ன வேண்டுமோ கேளும்" என்றார்.

"என் மனைவிக்கு முழங்கால் வலி, மகாராஜா. தாங்கள் நிற்கும்போதும் அவள் உட்கார அனுமதி வேண்டும்."

செப்புத்தகட்டில் பொறித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு உலகம்மாள் ஒரு மணையை எடுத்துக்கொண்டு போனாள். கொம்பு ஊதியது. அரசர் எழுந்தார், ஊர் எழுந்தது. நாட்டிலேயே முதன்முறையாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

சற்று நேரம் கழித்துச் சொக்கப்பன் குனிந்து கேட்டான்: "எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றாள் உலகம்மாள். "முன்னால உள்ளவரு வேட்டியில ஒரு கிழிசல் இருக்கு. அது நல்லாத் தெரியுது."

பிறகு "வலிச்சா வலிச்சுட்டுப் போகுது, போ" என்று மணையின்மேலேயே ஏறி நின்றாள். இப்போது எல்லாருக்கும் மேலே அவள் தலை மட்டும் தெரிந்தது. அரசர் திரும்பி அதைப் பார்த்துவிட்டார். மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அந்த ஆண்டில் வெண்கொக்குக் கழகம் போட்ட ஒரே கோல் அப்போதுதான் விழுந்தது. பந்து எந்தப் பக்கமாக உள்ளே போனது என்பதை அரசர் உலகம்மாளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அவள் சொன்னதற்காக ஒரு பட்டுப்புடவையும், சொக்கப்பனுக்கு ஒரு சால்வையும் கொடுத்தார்.