ஆடு கடிக்காத ஆவாரை

கள்ளிமேட்டில் அண்ணன் தம்பிகள் மூவர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரில் சொல்வார்கள். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அவர்களுக்குள் தகராறு. மூத்தவன் செங்கோடன், நடுவன் ராக்கியண்ணன், கடைசி காரியப்பன்.

போன மார்கழிக் கடைசியில் அவர்களால் மாட்டுக் கொட்டகைக் கூரையில் பொங்கல் காப்புக் கட்ட முடியவில்லை. வேப்பிலை இருந்தது, பூளைப்பூ இருந்தது, ஆவாரம்பூ மட்டும் கிடைக்கவில்லை. ரோட்டோரம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த புதரையெல்லாம் ரோட்டை அகலம் செய்தவர்கள் வழித்துப் போட்டிருந்தார்கள். தை மூன்றாம் நாள் எருமை செத்துப்போனது. அதற்கு வயது இருபத்திரண்டு என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காப்பு இல்லாததால்தான் போச்சு என்று மூவரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா பாவாயி மனசு கேட்காமல் ஒரு கை ஆவாரை விதை கொண்டுவந்து கொடுத்தாள்.

"சுடுதண்ணியில ஊறப் போட்டு ஊனுங்கடா. செடி வந்தப்பறம் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதீங்க. களை எது, ஆவாரை எதுன்னு தெரியலீன்னா ஆட்டை அவுத்து உடுங்க. ஆடு மாடு வாய் வெக்காததுதான் ஆவாரை."

பதினோரு செடி வந்தது. ஆடி மாதம் ஒரு செவலைக் கன்றுக்குட்டியும் வந்தது. காரியப்பன் தன் சோற்றில் முதல் உருண்டையை அதற்குத்தான் வைப்பான். இந்த வருஷம் காப்புத் தவறினால் கன்று போய்விடும் என்று மூவரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஐப்பசியில், மூன்று வருஷம் ஏமாற்றிய மழை கொட்டித் தீர்த்தது. ஊரே வாசலில் நின்று நனைந்தது. இவர்கள் ஆளுக்கு இரண்டு குடையோடு ஆவாரை ஊன்றிய காட்டுக்கு ஓடினார்கள். ஆறு செடிக்குக் குடை. மிச்ச ஐந்துக்கும் செங்கோடன் தன் வேட்டியை அவிழ்த்துப் பந்தல் போட்டான். அன்றைக்குப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

மழைக்குக் களை முளைத்தது. ஆட்டை அவிழ்த்து விட்டார்கள். அது எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டு, பதினோரு செடியை மட்டும் விட்டுவைத்தது. அங்கே உட்கார்ந்திருந்த காரியப்பனையும் விட்டுவைத்தது.

"இவனையுங் கடிக்கலீங்ணா" என்றான் ராக்கியண்ணன்.

"இவன் நம்ம தம்பிடா."

"அது ஆட்டுக்குத் தெரியுமா?"

காரியப்பனே யோசித்துச் சொன்னான்: "எனக்கும் வெயில் ஒண்ணும் பண்றதில்லீங்ணா. பொங்கலுக்குப் பூத்தாத் தெரிஞ்சுபோகுது."

அன்றிலிருந்து அவனுக்குத் தண்ணீர் கிடையாது, குளியலும் கிடையாது. மோர் தண்ணீரில் சேராது என்று மூவரும் கூடிப் பேசி முடிவு செய்ததால் பிழைத்தான்.

காப்புக் கட்டும் நாளன்று பதினோரு செடியும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து நின்றன. காரியப்பன் காதுக்குப் பின்னால்கூடப் பார்த்தார்கள், மொட்டு இல்லை. ஆனாலும் செங்கோடன் எதையும் தீர விசாரிக்கிற ஆள்.

"கட்டறதுக்கு முன்னால ஒருக்கா ஆட்டைக் கேட்டுருவோம். நேத்திருந்து பட்டினி போட்டிருக்கறேன். பசிச்ச ஆடு பொய் சொல்லாது."

பசித்த ஆடு பதினோரு செடியிலும் ஒவ்வொரு வாய் கடித்தது. காரியப்பனை முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"ஒரு வருஷமாக் களைக்குடா குடை புடிச்சிருக்கறோம்!" என்று செங்கோடன் தேம்பினான். பதினொன்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டார்கள். பிறகு வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்து, காரியப்பனைக் கொட்டகைக் கூரையில் கக்கத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

பாவாயி மூன்று மைல் வெயிலில் நடந்து வந்து சேர்ந்தபோது தம்பி விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"அடப் பாவிகளா! குப்பையில கெடக்கறதுதாண்டா ஆவாரை!"

"அதை ஆடு கடிச்சிருச்சுக்கா."

அந்த நேரம் பார்த்துச் செவலைக் கன்று எட்டி, இரண்டு மாதமாகக் குளிக்காத காரியப்பனின் உப்புக் காலை ஆசையாக நக்கியது.

"மாடு வாய் வெச்சிருச்சுங்ணா! இவனும் களை!" என்று ராக்கியண்ணன் அலறினான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செங்கோடன் அழுதான். இனி எங்கே போய்த் தேடுவது? ஆடு மெதுவாக வந்து பாவாயியின் புடவையை முகர்ந்துவிட்டு, கடிக்காமல் போனது. மஞ்சள் புடவை.

செங்கோடன் அழுகையை நிறுத்தினான். "அக்கா, இத்தனை வெயில்ல வந்திருக்கறே. தண்ணி குடிக்கறயா?"

"உங்களைக் கட்டிட்டு மாரடிக்கற எனக்குத் தண்ணி எறங்குமாடா? ஒரு சொட்டு வேண்டாம்!"

அண்ணன் தம்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராக்கியண்ணன் சத்தமில்லாமல் ஏணியை எடுக்கப் போனான்.

காரியப்பன் மேலே தொங்கியபடியே ஆறுதல் சொன்னான்: "பயப்படாதே அக்கா. மோர் குடுப்பாங்க."