மடை வைக்காத கரை

“உள்ளே ஒரு சொட்டு நுழையக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்கம்மா.”

மாசிலாமணி தீவில் வந்து இறங்கியதும் கேட்டது இதுதான். வணக்கம்கூட அதற்கு அப்புறம்தான் வைத்தார்.

“எதுக்குள்ளே?” என்றார் தையல்நாயகி.

“மனசுக்குள்ளே.”

தையல்நாயகி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் அந்த மணல் தீவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ். ஒரு தடவை வந்தவர் திரும்பிப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டார். இப்போதும் அந்த அம்மா ஊசிதான் போடுகிறது, வாயால் போடுகிறது என்று அக்கரையில் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே மனசு சரியில்லாதவர்களை அவரிடம்தான் படகேற்றி அனுப்புவார்கள்.

ஐப்பசியில் மாசிலாமணியின் மனைவி பவுனம்மாள் இறந்துபோனார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவர். மாசிலாமணி அழவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அந்தப் பேர் இனிமேல் தன் காதில் விழக் கூடாது.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் இன்பவல்லி, ஒரு நாள் மறந்துபோய் அம்மா பேரைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரியை விட்டுவிட்டு வந்தது தப்பு என்று அவருக்கே தெரியும். தெரிந்துதான் வந்தார்.

“ஊர்ல என்ன வேலை பாத்தீங்க ஐயா?”

“மடைக்காரன்மா. எங்க பெரிய கண்மாய்க்கு மூணு மடை. முப்பது வருஷமா அதைத் தெறந்தது, அடைச்சது எல்லாம் நான்தான். தண்ணி என் பேச்சைக் கேக்கும்.”

“அப்படியா,” என்றார் தையல்நாயகி. “வாங்க.”

தீவின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மரமில்லாத ஒரு வெட்டவெளி. சாம்பல் நிற மணல். நடந்தால் கால் பதிந்தது. நின்றால் இன்னும் பதிந்தது. ஒரு சாண் தோண்டினால் மண் கறுப்பாக இருந்தது, அழுகின முட்டை நாற்றம் அடித்தது. தோண்டின குழியில் தண்ணீர் தானாகவே ஊறி நின்றது. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் கடல் இந்த இடத்தின்மேல் ஏறி வரும். பிறகு இறங்கிப் போகும்.

மாசிலாமணி ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு.”

“கடல் வந்து போற எடம்.”

“வராமப் பண்ணிட்டா?”

தையல்நாயகி குடிசை ஓரமாக வைத்திருந்த நாற்றுகளைக் காட்டினார்.

“முந்நூறு அலையாத்தி நாத்து இருக்கு. இந்த எடத்துல பொழைக்க வையுங்க. பொழைச்சா நீங்க கேட்ட வழியைச் சொல்றேன்.”

பக்கத்திலேயே தையல்நாயகி வைத்து வளர்த்த அலையாத்திகள் இடுப்பளவு நின்றன. அவற்றின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வாய்க்கால்கள், மீன் முள் மாதிரி. எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தன.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. கரை இல்லாம வாய்க்கா வெட்டியிருக்கீங்களே. கடலுக்கு வெத்தலை பாக்கு வச்சுக் கூப்புட்ட மாதிரில்ல இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்,” என்றார் தையல்நாயகி.

மறுநாளே மாசிலாமணி கரை கட்ட ஆரம்பித்தார்.

மணல் தாங்காது என்று அவருக்குத் தெரியும். காயல் பக்கம் போய்க் களிமண் வெட்டிக் கூடையில் சுமந்து வந்தார். பனைமட்டையை வரிசையாக அடித்து, நடுவில் மண்ணைக் கொட்டி, காலால் மிதித்து இறுக்கினார். நாலு பக்கமும் கட்டினார். இருபத்திரண்டு நாள் ஆனது. படகோட்டி தாவூது சாமான் இறக்க வரும்போதெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இந்தக் கரையோரத்தில் யாரும் இப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை.

தைப் பௌர்ணமிக்குக் கடல் ஏறி வந்தது. கரையில் மோதியது. சுற்றிப் பார்த்தது. திரும்பிப் போனது.

மாசிலாமணி கரைமேல் நின்று மீசையைத் தடவினார்.

“பாத்தீங்களாம்மா?”

“பாத்தேன்.”

“ஒரு சொட்டு?”

“ஒரு சொட்டுகூட இல்ல. நல்ல கரை.”

அதைத் தையல்நாயகி கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அது நல்ல கரை.

மாசிலாமணி நாற்றுகளை நெல் நடவு போல வரிசை பிடித்து நட்டார். மாசியில் எல்லாம் இரண்டிரண்டு இலை விட்டன. அவர் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தார்.

அந்த மாசத்தில் ஒரு நாள் தாவூது சேதி கொண்டுவந்தார்.

“அண்ணே, உங்க மகளுக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. ரெண்டு பேரும் சுகம்.”

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது.

“பேருகூட வச்சாச்சாம். அவுங்க அம்மா பேரு...”

“தாவூது!”

மாசிலாமணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் போய்விட்டார். அன்று முழுக்க ஒழுங்காக இருந்த கரையையே மறுபடியும் செதுக்கிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

காலையில் எழுந்து போய்ப் பார்த்தால் மண்மேல் வெள்ளைக் கோடுகள். வெயில் ஏற ஏற அவை ஒன்று சேர்ந்தன. ஒரு வாரத்தில் கரைக்குள் தரை முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரைக் குடம் குடமாக எடுத்து ஊற்றினார். ஊற்றும்போது வெள்ளை மறைந்தது. சாயங்காலம் திரும்பி வந்தது.

“அம்மா, கடலைத்தான் உள்ளே விடலையே. உப்பு எங்கேருந்து வருது?”

“ஒரு குழி கரைக்கு வெளியே தோண்டுங்க. ஒரு குழி உள்ளே தோண்டுங்க.”

தோண்டினார். இரண்டிலும் தண்ணீர் ஊறியது. கயிறு பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மட்டம்.

“நாக்குல வச்சுப் பாருங்க.”

வெளியே இருந்தது கடல் தண்ணீர் போலக் கரித்தது. உள்ளே இருந்ததை வாயில் வைக்க முடியவில்லை. கசந்தது.

“கீழ் வழியா வருது,” என்றார் மாசிலாமணி.

“ம்.”

“வெயில் தண்ணியைக் குடிச்சிட்டு உப்பை விட்டுட்டுப் போகுது.”

“ம்.”

தையல்நாயகி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி வெகுநேரம் யோசித்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்க் கரையை இன்னும் ஒரு அடி உயர்த்தினார்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? தையல்நாயகி குடிசைக்குப் போய் உலை வைத்தார்.

சித்திரை அமாவாசை. காலைப் பெருக்கு ஏறிக்கொண்டிருந்தது. தாவூது கரைமேல் ஓடி வந்தார்.

“அண்ணே, உங்க மக வந்திருக்கு. புள்ளையத் தூக்கிக்கிட்டுத் துறையில நிக்குது.”

மாசிலாமணி நிமிரவில்லை. கருகின நாற்று ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

“போகச் சொல்லு.”

“மாப்பிள்ளைக்கு அஸ்ஸாம் பக்கம் மாத்தலாயிருச்சாம். பட்டாளத்து வேலையில்லையா. நாளன்னிக்கு எல்லாருக்கும் ரயிலு. இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வருவாங்களாம்.”

“அந்தப் பேரை வச்சுட்டா. கூப்புடுவா. என் காதுல விழும்.”

“பேருன்னா கூப்புடத்தானேண்ணே வைக்கிறது?”

“போ தாவூது.”

தாவூது திரும்பினார். “தண்ணி வத்துறதுக்குள்ள நான் கிளம்பணும். இல்லாட்டிப் படகு தரை தட்டிரும். அதுக்குள்ள வந்து சேருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் தையல்நாயகி கேட்டுக்கொண்டுதான் வந்தார். மாசிலாமணி அவரைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்றை நீட்டினார்.

“முந்நூறுல பதினொண்ணுதான் மிச்சம். நீங்க குடுத்த நாத்து சரியில்லம்மா.”

தையல்நாயகி நாற்றை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் அவருடைய இடத்தில் கடல் வாய்க்கால் வழியே ஏறி, அலையாத்திகளின் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

“கரையில எங்கேயாவது ஓட்டை இருக்கா ஐயா?”

“எறும்பு நொழையாது.”

தையல்நாயகி கரைமேல் ஏறினார். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தபடி மெதுவாக நடந்தார். நாலு பக்கமும் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்தார். மறுபடியும் குனிந்தார்.

“என்னம்மா தேடுறீங்க?”

“மடையைத் தேடுறேன்.”

மாசிலாமணி ஓரடி கிட்டே வந்தார்.

“முப்பது வருஷம் மடைக்காரரா இருந்தவர் கட்டின கரை. எங்கேயாவது ஒண்ணு வச்சிருப்பீங்கல்ல? என் கண்ணுக்குத்தான் தெரியல.”

மடை வைக்காமல் கரை கட்டியவனை மாசிலாமணியின் ஊரில் நண்டுசிண்டுகள்கூடக் கேலி பண்ணும். தன் கரையை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நெஞ்சுயரக் கரை. நடுவே வெள்ளை வெளேரென்று தரை. அதில் அவர்.

மண்வெட்டி பக்கத்தில்தான் கிடந்தது. அதைத் தையல்நாயகி எடுத்துக் கொடுக்கவில்லை.

அவரே எடுத்தார்.

கடல் பக்கம் பார்த்து வெட்டினார். இறுகின களிமண் லேசில் விடவில்லை. பனைமட்டைகளைப் பிடுங்கி வீசினார். கடைசி வெட்டில் கடல் அவர் காலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. நுரையும் தழையும் நண்டுக்குஞ்சுகளுமாக வந்தது. வெள்ளைத் தரை கறுத்தது. காய்ந்து கிடந்த பொந்துகளிலிருந்து குபுகுபுவென்று காற்று வெளியேறியது.

மாசிலாமணி தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். ஐப்பசியில் அழ வேண்டிய அழுகை. ஓவென்று அழுதார். ஆஸ்பத்திரியில் அவள் கேட்ட இளநீரைச் சொல்லி அழுதார். டாக்டர் கூடாது என்று சொன்னதை நம்பி வாங்கிக் கொடுக்காமல் விட்டதைச் சொல்லி அழுதார். தையல்நாயகி தேற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

உள்ளே தண்ணீர் நிறைந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு, வந்த வழியாகவே வெளியே போக ஆரம்பித்தது.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகிற தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

“வந்த தண்ணியைவிடப் போற தண்ணி கரிக்குதும்மா.”

“ம்.”

“இன்னும் எத்தனை தடவை வந்து போகணும்?”

“எனக்குத் தெரியாதுய்யா. என் எடத்துக்கு இன்னும் வந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு.”

மாசிலாமணி அவரை நிமிர்ந்து பார்த்தார். ஊசி போட வந்த ஒரு நர்ஸ் ஏன் இந்தத் தீவை விட்டுப் போகவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. போகிற தண்ணீர் அவருக்கு வேறொன்றை ஞாபகப்படுத்திவிட்டது.

“ஐயையோ, படகு!”

அறுபது வயசு மனிதர் அந்தச் சேற்றில் ஓடினார். முழங்கால்வரை புதைந்தார், எழுந்தார். ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. இன்னொன்றை அவரே கழற்றி எறிந்தார்.

துறையில் தாவூதின் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் தாவூது உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“தரை தட்டிருச்சுண்ணே,” என்றார். “அடுத்த பெருக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.”

பதினைந்து வருஷத்தில் தாவூதின் படகு தரை தட்டியது அதுதான் முதல் தடவை. ஆள் கொஞ்சம்கூட வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

துறைக்கொட்டகை வாசலில் இன்பவல்லி நின்றாள். இடுப்புவரை சேறாக வந்து நின்ற அப்பாவைப் பார்த்தாள். என்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே புடவைத் தூளியில் பிள்ளை தூங்கியது.

தையல்நாயகி பின்னாலேயே மெதுவாக வந்து சேர்ந்தார்.

“ஐயா, அஞ்சு மாசமாக் காத்திருந்தீங்க. நாத்து பொழைக்காட்டிப் பரவாயில்ல. ஒரு சொட்டு நொழையாம இருக்க வழி கேட்டீங்களே, இப்பச் சொல்லட்டுமா?”

தூளி அசைந்தது. உள்ளேயிருந்து வீலென்று ஒரு குரல் கிளம்பியது.

“அப்புறம் சொல்லுங்கம்மா,” என்றார் மாசிலாமணி, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே. “பவுனு அழுவுறா.”