பால் காய்ச்சுவதற்கு முன்

குன்னூரில் செண்பகவல்லியின் கைக்கு எட்டும் வாடகையில் அந்த ஒரு வீடுதான் இருந்தது. மண்சரிவு பயத்தில் பழைய வீட்டை நாளைக்குள் காலி செய்தாக வேண்டும். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை.

வீட்டுக்காரர் பெத்தபெருமாள் ஒப்பந்தத்தை நீட்டினார். "சுவத்துல ஈரம் ஏறி ஓதம் பூத்தா அட்வான்ஸ் திரும்பாதும்மா. என் வீட்டுல ஓதமே கிடையாது. குடிவர்றவங்கதான் வெந்நீர் வெச்சு, ஈரத்துணி காயப்போட்டு வரவழைக்கிறாங்க."

இப்படியே மூன்று குடித்தனங்கள் அட்வான்ஸை இழந்ததாகப் புரோக்கர் சலீம் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"வீடு பூட்டி எத்தனை நாளாச்சுங்க ஐயா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"நாலு மாசம். ஒரு சொட்டுத் தண்ணி புழங்கலை."

"அப்ப கையெழுத்துப் போட்டுடறேன். முதல்ல பால் காய்ச்சிடலாம். உங்க ராசிக்கையாலயே அடுப்பைப் பத்தவையுங்க. அதோ, அலமாரியில தீப்பெட்டிகூட இருக்கு."

பெருமையோடு உரசினார். குச்சியின் மருந்து நமத்துப் பொடிந்து உதிர்ந்தது. இரண்டாவது குச்சி வளைந்தது. பத்தாவதில் பெட்டியின் பக்கமே பிய்ந்து வந்தது. சலீம் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தார்.

"ஐயா, நாலு மாசமா இந்தத் தீப்பெட்டிதானே குடியிருந்துச்சு? அது எப்பங்க வெந்நீர் வெச்சுச்சு?" என்றாள் செண்பகவல்லி.

"இனிமே நான் யாரைக் கூட்டிட்டு வந்தாலும் முதல்ல பால் காய்ச்சச் சொல்லணும் போல," என்றார் சலீம்.

பெத்தபெருமாள் பேனாவை எடுத்து ஒப்பந்தத்தில் ஓதம் பற்றிய வரியை அடித்தார்.

செண்பகவல்லி கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த தன் தீப்பெட்டியைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரே உரசல், அடுப்பு பற்றிக்கொண்டது.