ஏழு பேரையும் தொட்டவள்

பிளஸ் டூ முடித்த செவ்வந்திக்கு அந்தக் கோடை முழுக்க பஸ்ஸிலேயே போனது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கபடி சீட்டு கேட்டுப் போன கல்லூரியெல்லாம் "பார்க்கலாம்மா" என்றே திருப்பி அனுப்பியது. கடைசியாக வந்த கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் அருமைநாயகம் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அந்தச் சீட்டு தாளாளர் வீட்டுப் பெண்ணுக்கு என்று அவர் என்றைக்கோ முடிவு செய்தாயிற்று.

"ஒரே தடவை பாடிப் போ. என் டீம்ல ஏழு பேரையும் அவுட்டாக்கிட்டு வா. சீட்டு உனக்குத்தான்" என்று சிரித்தார்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே உள்ளே போனாள். எதிரணிப் பக்கத்தில் தாண்டியே ஆக வேண்டிய கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தவள், நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாட்டை மட்டும் விடவில்லை.

"களைச்சுப் போயிட்டா! எல்லாரும் விழுந்து அமுக்குங்கடி!" என்று கத்தினார் அருமைநாயகம்.

ஏழு பேரும் அவள்மேல் விழுந்தார்கள். அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது. தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் அவுட்.

"நீ ஒருத்தியையும் தேடிப் போய்த் தொடலையே!"

"அதுக்குத் தெம்பில்லைங்க சார். நீங்கதான் எல்லாரையும் அனுப்பி வச்சீங்க" என்றது குவியலுக்கு அடியிலிருந்து அவள் குரல்.

மைதானமே சிரித்தது. அருமைநாயகம் ஒருவழியாக எழுந்தார். "சரி சரி, எந்திரி, ஆபீசுக்கு வா."

"எந்திரிக்கிறேன் சார். முதல்ல அவுட்டானவங்களை வெளியே போகச் சொல்லுங்க."