கேள்விக் கலயம்

இந்தக் கதையை எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பெயர் மாறினால்கூடப் பரவாயில்லை. நடுவில் ஒரு மண் கலயம் வரும். அதை மட்டும் விட்டுவிடாமல் சொல்லிவிட வேண்டும்.

வெகு காலத்துக்கு முன்னால் ஆழிப்பட்டினத்தைச் செண்பகமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் பிடித்தது மத்தியானம் பிடிக்காது. அவனுக்கு அமைச்சராக இருந்தவள் வடிவாம்பாள். ஒவ்வொரு கவலைக்கும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போடுவது அவள் வழக்கம். சபை கலையும்போது முந்தானையில் முடிச்சுப் போட இடமே இருக்காது.

அந்த நாட்டில் கல்விக்கொடை என்று ஒன்று இருந்தது. அரசுக் கல்விச்சாலையில் முதல் தரத்தில் தேறியவர்களில் ஒருவரை ஆண்டுதோறும் கப்பலேற்றி, கடல் கடந்த தேசத்துக்கு மேற்படிப்புக்கு அனுப்புவார்கள். சாப்பாடு, துணி, கப்பல் செலவு எல்லாம் அரண்மனையுடையது. போகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். தான் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறாரோ அந்தக் கேள்வியைச் சபை அறிய ஒரு வெறுங்கலயத்துக்குள் சொல்ல வேண்டும். உடனே கலயத்தின் வாயை மண்ணால் பூசிவிடுவார்கள். பதிலோடு திரும்பி வந்துதான் உடைக்க வேண்டும். யாருடைய கேள்வி கலயத்தில் இருக்கிறதோ, அவரைப் பதில் கிடைக்கும்வரை அரண்மனைதான் காப்பாற்ற வேண்டும். அரசனே நினைத்தாலும் துரத்த முடியாது.

அந்த வருஷம் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தது செம்பவளம் என்ற உப்பளத்துப் பெண்ணை. உப்புப் பாத்தியின் வெள்ளை வெளிச்சத்தில் நின்று நின்று அவள் ஊரில் பாதிப் பேருக்குக் கண் மங்கிப் போயிருந்தது. அக்கரையில் கண் வைத்தியம் படிக்க வேண்டும் என்பதுதான் அவள் உயிர் ஆசை.

சபைப் புலவர் அம்பலவாணருக்கு இது பொறுக்கவில்லை. அவர் தங்கை மகன் விடங்கனும் முதல் தரத்தில் தேறியவன்தான்.

"அரசே, அயல் தேசத்துப் பண்டிதர்கள் கேட்கும்போது நம் ஆள் 'தெரியாது' என்று நின்றால் யாருக்கு அவமானம்? அந்தச் சொல்லே வராத வாயைத்தான் அனுப்ப வேண்டும்" என்றார்.

"அட, ஆமாம்!" என்று அரசன் தொடையைத் தட்டினான். "நானே கேட்கிறேன். தெரியாது என்று சொல்கிறவர் தோற்றவர்."

வடிவாம்பாள் ஒரு முடிச்சுப் போட்டாள்.

ஜன்னலில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. "அது இப்போது என்ன நினைக்கிறது?" என்று கேட்டான் அரசன்.

"தங்கள் நடையைத் தன்னால் நடக்க முடியவில்லையே என்று ஏங்குகிறது அரசே" என்றான் விடங்கன், கண் இமைக்காமல்.

"தெரியாது அரசே" என்றாள் செம்பவளம்.

"நாளைக் காலை எனக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும்?"

"ஆப்பம்!"

"தெரியாது அரசே. சமையற்கட்டிலேயே யாருக்கும் தெரியாதாம்."

சபை சிரித்தது. அரசன் சிரிக்கவில்லை. "விடங்கனுக்குத்தான் கொடை. கப்பல் இன்றைக்கே கிளம்புகிறது" என்று எழுந்துவிட்டான்.

செம்பவளம் கையிலிருந்த துணி மூட்டையை மெல்லக் கீழே வைத்தாள். அதைப் பார்த்த வடிவாம்பாள் இன்னொரு முடிச்சுப் போட்டாள். பிறகு வாயைத் திறந்துவிட்டாள்.

"அரசே, கலயம் வரட்டும். வழக்கத்தை விட்டால் கப்பலுக்கு ஆகாது என்பார்கள்."

கலயம் வந்தது. விடங்கன் அதைத் தூக்கி, "விண்மீன்கள் ஏன் கண் சிமிட்டுகின்றன?" என்றான்.

"ஏன் தம்பி, அது உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் வடிவாம்பாள்.

விடங்கன் அரசனைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். "தெரியுமே!"

"தெரிந்ததைக் கேட்கவா கப்பல்? வேறு கேள் அப்பா."

"கடல் ஏன் உப்பாக இருக்கிறது?"

"அதுவும் தெரியாதா?"

"தெ... தெரியும்!"

"பிறகு அக்கரையில் போய் என்ன செய்யப் போகிறாய்? சாப்பிட்டுவிட்டு வரவா?"

"அம்மணி, பிள்ளையைக் குழப்பாதீர்கள்!" என்று புலவர் எகிறினார்.

"நான் எங்கே ஐயா குழப்பினேன்? தெரியாது என்றால் அரசர் வைத்த போட்டியில் தோற்றதாகும். தெரியும் என்றால் போக வேண்டிய வேலையே இல்லை. எதுவென்று தம்பியையே சொல்லச் சொல்லுங்கள்."

விடங்கனுக்கு வியர்த்தது. சபைக்குக் கேட்காமல் மாமாவிடம் யோசனை கேட்பதாக நினைத்து, கலயத்தின் வாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "மாமா, என்ன கேட்கட்டும்? எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே!"

வெறுங்கலயம் அதை வாங்கி, பத்து மடங்காக்கி, மண்டபம் முழுக்க முழங்கியது. புறா பறந்தே போய்விட்டது.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்றைக்கு இவன் சொன்ன ஒரே உண்மை! தம்பி, நீ மறுபடி முதல் வகுப்பில் போய் உட்கார். புலவரே, அந்தப் பெண்ணின் மூட்டையைத் துறைமுகம் வரைக்கும் நீர் சுமந்து போம். பெண்ணே, நீ வா."

செம்பவளம் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "உப்பு வெளிச்சத்தில் கெட்ட கண்ணுக்குப் பார்வை திரும்புமா?" அவ்வளவுதான் கேட்டாள். வடிவாம்பாள் தன் கையாலேயே மண்ணைப் பூசினாள். அரசனுக்கு மனம் மாறும் முன்னே கப்பலின் பாயும் விரிந்தது.

மூட்டையை இறக்கிவிட்டு வந்த புலவர் சும்மா இருப்பாரா? அரசன் காதில் ஏதோ ஊதினார். அரசன் முகம் கறுத்தது.

"அமைச்சரே, நான் வைத்த போட்டியையே சபையில் கேலியாக்கிவிட்டீர், இல்லையா? நீர் பதவியில் இருக்க வேண்டுமா என்று நாளைக் காலையில் யோசிக்கிறேன்."

முந்தானையில் இன்னொரு முடிச்சுக்குத் துணி இல்லை. வடிவாம்பாள் ஓடிப்போய்ச் சமையற்கட்டிலிருந்து ஒரு கலயத்தை எடுத்துவந்தாள். சபை பார்க்க அதற்குள் குனிந்து உரக்கக் கேட்டாள்:

"நாளைக் காலையில் நம் அரசரின் மனம் எப்படி இருக்கும்?"

கேட்ட கையோடு அதன் வாயை மண்ணால் பூசினாள். கலயத்தைச் சிம்மாசனத்துக்கு எதிரிலேயே வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினாள். எத்தனை முறை விடிந்தாலும் இன்னொரு நாளை மிச்சம் இருக்கும்; இதற்குப் பதில் எந்தத் தேசத்திலும் கிடைக்காது, கிடைக்கும்வரை தன்னைத் துரத்தவும் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.